மாணவ நர்ஸை உங்கள் பொறுப்பில் விட்டால்: பிரிட்டன் வார்டில் மேற்பார்வை

கேள்வி: மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். வெளிநாட்டு நர்ஸ்களுக்கான ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேறி, பின் நம்பர் என்கிற பதிவு எண் வாங்கி, இங்கிலாந்தில் ஒரு மெடிக்கல் வார்டில் பேண்ட் 5 (பதிவு பெற்ற நர்ஸின் தொடக்க நிலை) நர்ஸாக இருக்கிறேன். அடுத்த வாரம் முதல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் என்னோடு ஷிப்ட் பார்ப்பார் என்கிறார் வார்டு மேனேஜர். வெளிநாட்டில் படித்த நான் மேற்பார்வை செய்யலாமா? அவர் தவறு செய்தால் என் பதிவுக்கு ஆபத்தா? வேலை சரியில்லை என்றால் யாரிடம், எப்படிச் சொல்வது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி.யின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. படித்த நாடு எது என்று யாரும் கேட்கப்போவதில்லை. 2018-இல் வந்த விதிகள் பழைய ‘மென்ட்டர்’ முறையையே எடுத்துவிட்டன. இப்போது ஒரு மாணவிக்கு மூன்று பேர். வார்டில் உடனிருந்து கற்றுத்தருபவர் ப்ராக்டிஸ் சூப்பர்வைசர், அது நீங்கள். தேர்ச்சியை முடிவு செய்பவர் ப்ராக்டிஸ் அசெஸர். பல்கலைக்கழகத்தின் பக்கத்திலிருந்து பார்ப்பவர் அகாடெமிக் அசெஸர். ஒரே மாணவிக்கு ஒரே சமயத்தில் நீங்களே சூப்பர்வைசராகவும் அசெஸராகவும் இருக்க முடியாது. ஆகவே அவரைத் தேர்ச்சி பெறவைப்பதோ நிறுத்துவதோ உங்கள் தலையில் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதித் தருவதே உங்கள் பங்கு. மாணவி 40 சதவீத நேரம் மென்ட்டரோடு இருக்கவேண்டும் என்று சீனியர் யாராவது சொன்னால், அது காலாவதியான விதி. சூப்பர்வைசருக்கான தயாரிப்புப் பயிற்சி உங்கள் டிரஸ்ட்டில் (மருத்துவமனையை நடத்தும் நிர்வாக அமைப்பு) என்ன இருக்கிறது என்று கேட்டு, மாணவி வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

பதிவு பற்றிய பயத்துக்கு வருவோம். வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது பற்றி என்.எம்.சி. நடத்தை விதிகளின் 11-ஆம் பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: அந்த வேலைக்கு அவருக்குத் திறன் இருக்க வேண்டும், போதிய மேற்பார்வை இருக்க வேண்டும், முடிந்தபின் சரியாக நடந்ததா என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் உங்களிடம் வரும் கேள்விகளும் இவற்றைச் சுற்றியே இருக்கும். அதனால் எந்த வேலையையும் கொடுக்கும் முன், “இதை இதற்கு முன் செய்திருக்கிறீர்களா, யார் பார்க்கச் செய்தீர்கள், படிப்படியாகச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அங்குள்ள மாணவர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட வேண்டும். மாணவர்களை வைத்தே காலை வேலையை முடிப்பது நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் சகஜம். பிரிட்டனில் மாணவி ஆள் கணக்கில் சேராதவர். ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் வரவில்லை என்று நாள் முழுக்க ஒரு நோயாளியின் பக்கத்தில் காவலுக்கு அவரை உட்காரவைத்தால், அன்று அவர் கற்றது ஒன்றுமில்லை. இது அடிக்கடி நடந்தால், மாணவர் பயிற்சியைக் கவனிக்கும் ப்ராக்டிஸ் எஜுகேஷன் குழுவிடம் சொல்லுங்கள்.

முதல் நாள் ஹேண்டோவர் (ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது) முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அவருடைய பி.ஏ.டி. என்கிற மதிப்பீட்டுப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, எந்தப் பகுதியில் இருக்கிறார், எந்தத் திறன்களுக்கு இன்னும் கையெழுத்து வாங்கவில்லை என்று பாருங்கள். இரண்டாம் பகுதி என்றால், குறைந்த வழிகாட்டுதலோடு தானே பராமரிப்பில் இறங்க வேண்டிய கட்டம். வெறுமனே உங்கள் பின்னால் நடக்கவிடாமல், இரண்டு நோயாளிகளை முழுதாகக் கொடுங்கள்: குளியல், அப்சர்வேஷன் (மூச்சு, ஆக்ஸிஜன் போன்ற அளவுகளைப் பார்த்துக் குறிப்பது), காயம், உணவு, குறிப்பு, டாக்டர் ரவுண்டில் பேசுவது வரை. மாணவி கவனித்துக்கொள்வதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றால் மாணவிக்கு வேறு நோயாளியைக் கொடுங்கள்.

அதிகம் தவறுவது அப்சர்வேஷனில்தான். மூச்சு எண்ணிக்கையை முழு 60 விநாடி எண்ணாமல், எல்லாருக்கும் 16 என்றோ 18 என்றோ போட்டுவிடுவார்கள். நோயாளி மோசமாவதை மதிப்பெண்ணால் முன்கூட்டிக் காட்டும் நியூஸ்2 அளவீட்டில் 12 முதல் 20 வரை பூஜ்யம். 25 ஆகிவிட்டால் அது ஒன்றுக்கே 3 மதிப்பெண், உடனே மருத்துவக் குழு பார்த்தாக வேண்டும். ஊகித்து எழுதிய 18, மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளியை மறைத்துவிடும். வாரம் ஒருமுறையாவது அதே நோயாளிக்கு நீங்கள் தனியாக எண்ணி ஒப்பிடுங்கள்.

இன்னொன்று ஆக்ஸிஜன் அளவுகோல். நியூஸ்2-இல் இதற்கு இரண்டு உண்டு. சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு இலக்கு 88 முதல் 92 சதவீதம். அவருக்கு இரண்டாம் அளவுகோலைப் பயன்படுத்தும்படி மருத்துவர் குறித்திருப்பார். மாணவி வழக்கம்போல் முதல் அளவுகோலில் போட்டால், சாதாரணக் காற்றில் 90 சதவீதத்துக்கு 3 மதிப்பெண் வந்து வீண் பரபரப்பு. அதைவிட மோசமானது மறுபக்கம்: அதே ஆள் ஆக்ஸிஜனில் 97 காட்டினால் இரண்டாம் அளவுகோலில் 3, முதலாவதில் பூஜ்யம். ஆக்ஸிஜன் கூடிப்போன ஆபத்து யார் கண்ணிலும் படாது. எந்த நோயாளிக்கு எந்த அளவுகோல், ஏன் என்று மாணவியே உங்களுக்கு விளக்கட்டும்.

மருந்துகளில் உங்கள் கண் முழு நேரமும் வேண்டும்: எடுப்பது, கணக்கிடுவது, கைப்பட்டையில் பெயர், பிறந்த தேதி, என்.ஹெச்.எஸ். எண் சரிபார்ப்பது, நோயாளி விழுங்குவது வரை. மாத்திரைக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து “போய்க் கொடுத்துவிட்டு வாங்க” என்று அனுப்பாதீர்கள். கணினியில் உங்கள் லாகின் எவ்வளவு அவசரமானாலும் அவர் கைக்குப் போகக்கூடாது. நரம்பு வழி மருந்து, கட்டுப்படுத்தப்பட்ட மருந்து இரண்டிலும் மாணவி எதுவரை செய்யலாம் என்பதை டிரஸ்ட்டின் கொள்கையில் பாருங்கள். பல்கலைக்கழகம் அனுமதிக்கிறது என்று மாணவி சொல்வது மட்டும் போதாது.

குறை சொல்லும் விஷயத்தில் நம்மவர்களுக்கு இரண்டு சிக்கல். ஒன்று, எல்லார் முன்னாலும் கண்டிப்பது. அது புகாராகத் திரும்பி வரும். மற்றொன்று, உச்சரிப்பைப் பற்றிய கூச்சத்தில் வாயே திறக்காமல் இருந்துவிடுவது. அன்றே, தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். “உங்களுக்கு அக்கறை இல்லை” என்பது சண்டை. “11 மணிக்கு நியூஸ் மொத்தம் 5 வந்தது, 11.40 வரை எனக்குச் சொல்லவில்லை” என்பது மறுக்கமுடியாத குறிப்பு. பி.ஏ.டி.யிலும் அதே நடை வேண்டும்; “நன்றாகச் செய்கிறார்” என்ற வரியை வைத்து அசெஸரால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

ஒரே தவறு திரும்ப வந்தால் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். கேத்லீன் டஃபி 2003-இல் ஸ்காட்லாந்தில் செய்த ஆய்வு, தேறாத மாணவர்களை மென்ட்டர்கள் தேறவைத்ததைப் பற்றியது. பிரச்சினையைத் தாமதமாக எழுப்புவது அதில் வந்த முக்கியக் காரணங்களில் ஒன்று. பயிற்சியின் நடுவில் வரும் இடைக்கால நேர்காணலுக்கு முன்பே ப்ராக்டிஸ் அசெஸருக்குத் தெரிவியுங்கள். அவர் அகாடெமிக் அசெஸரோடு பேசி, எதை, எந்தத் தேதிக்குள், எப்படித் திருத்துவது என்று ஒரு செயல்திட்டம் போடுவார். நோயாளிக்கு ஆபத்து என்றால் அந்த ஷிப்டிலேயே பொறுப்பு நர்ஸிடம் சொல்லி வேலையை நிறுத்துங்கள்.

மணிநேரப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போதும் கவனம். பதிவுக்கு மாணவி 2,300 மணிநேரம் செய்முறைப் பயிற்சி காட்ட வேண்டும். பாதியில் கிளம்பிய ஷிப்டுக்கு, அவர் இருந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். விட்டுப்போன மணிகளை ஈடுசெய்வது பற்றி அவர் பல்கலைக்கழகத்தோடு பேசிக்கொள்ளட்டும்.