குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடட்டுமா?

கேள்வி: அக்கா, என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட். தமிழ் மாதிரி சில மொழிகள் தெரிந்தவர்களை எடுத்தார்களே, அந்த மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவர். டெக்சாஸில் இருந்த எங்களை 3 வருஷத்துக்கு ஜெர்மனிக்கு மாற்றிவிட்டார்கள். கைசர்ஸ்லாட்டர்ன் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாடகை வீடு. மகளுக்கு 7 வயது, முகாமில் உள்ள அமெரிக்கப் பள்ளிக்குப் போகிறாள், சமாளிக்கிறாள். மகனுக்கு 4 வயது. கிராமத்து ஜெர்மன் கிண்டர்கார்டனில் சேர்த்து 2 மாதம் ஆகிறது, அங்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுகிறான். ஆனால் எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டது. "டெக்சாஸ் வீட்டுக்குப் போகலாம்" என்று தினமும் அழுகிறான். அடுத்த மாதம் இவர் போலந்துக்குப் போகிறார், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். போன ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டதற்குக் கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். எனக்கு இங்கே யாருமே இல்லை. இவர் வரும் வரை பிள்ளைகளோடு திருநெல்வேலியில் அம்மா வீட்டில் இருக்கட்டுமா?
- பெயர் வேண்டாம், ஜெர்மனி

பதில்: போக வேண்டாம் தங்கச்சி.

உங்கள் கஷ்டம் தெரியாமல் சொல்லவில்லை. சின்னவன் டெக்சாஸ் வீட்டை விட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இப்போது அப்பாவும் கிளம்பப் போகிறார், அதே சமயத்தில் வீடு, பள்ளி, தூங்கும் அறை எல்லாவற்றையும் இன்னொரு முறை மாற்றினால், அவர் திரும்பி வரும்போது மூன்றாவது முறையாகவும் மாற்ற வேண்டி வரும். பாட்டி மடி பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பா எந்தக் கதவு வழியாகப் போனாரோ அதே கதவு வழியாகத் திரும்பி வருவார் என்பது 4 வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் தெரியுமா. பிள்ளைகள் நாடு மாறியதைக்கூட ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். எழுவது, சாப்பிடுவது, குளிப்பது, கதை கேட்டுத் தூங்குவது என்ற அன்றாட வரிசை கலைந்தால்தான் தவித்துப்போகிறார்கள். அந்த வரிசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்பா இல்லாத மாதங்களில் இன்னும் இறுக்கமாக.

அவன் பேசாமல் இருப்பதைப் பற்றி. புது மொழிக்குள் போய் விழுகிற பல பிள்ளைகள் சில வாரங்கள், சிலர் சில மாதங்கள்கூட வாயே திறக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் காது வேலை செய்துகொண்டிருக்கும். வீட்டில் தமிழ் தடையில்லாமல் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது மிக நல்ல அறிகுறி. தயவுசெய்து யாராவது சொன்னார்கள் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கோ அரைகுறை ஜெர்மனுக்கோ மாறாதீர்கள். 3 மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு கெட்டுப்போகாது. அவன் தடுமாறாமல் நிற்கிற ஒரே இடம் இப்போது தமிழ்தான், அதையும் பிடுங்கக் கூடாது. பேசு பேசு என்று கிண்டர்கார்டன் வாசலில் நெருக்கவும் வேண்டாம். வீட்டிலும் பேச்சு குறைந்தாலோ, இன்னும் சில மாதம் கழித்தும் அங்கே யாரோடும் சைகையால்கூடத் தொடர்பு கொள்ளாமல் இருந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்கை நனைப்பும் இந்த வயதில் பெரிய மாற்றம் வந்தால் திரும்பி வருவது உண்டு, திட்டாமல் துணியை மாற்றிவிட்டுப் போய்விடுங்கள். ஆனால் சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அளவுக்கு மீறிய தாகம் இருந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஜெர்மன் கிண்டர்கார்டன்களில் ஐங்கவோனுங் என்று ஒரு வழக்கம் உண்டு. முதல் நாட்களில் அம்மாவோ அப்பாவோ உள்ளேயே உட்கார்ந்திருந்து, அப்புறம் பத்து நிமிஷம், அரை மணி என்று கொஞ்சம் கொஞ்சமாக விலகுவார்கள். உங்களுக்கு அது அவசரமாக முடிந்திருந்தால், கணவர் கிளம்புவதற்கு முன்பே ஆசிரியையிடம் போய் "அப்பா ஊரில் இருக்க மாட்டார், இன்னொரு முறை மெதுவாக ஆரம்பிக்கலாமா" என்று கேளுங்கள். மழையில் சேற்றில் விளையாட விடுகிறார்களே என்று பயப்படாதீர்கள், அங்கே அப்படித்தான், நல்ல மழைக்கால்சட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள். நவம்பர் 11 ஒட்டி செயின்ட் மார்ட்டின் விளக்கு ஊர்வலம் வரும், பிள்ளைகள் தாங்களே செய்த காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் பாடிப் போவார்கள். அதற்குக் கட்டாயம் போங்கள். வார்த்தை தெரியாத பிள்ளையும் ஊரோடு சேர்ந்து நடக்கிற நாள் அது.

அப்பா போகும் முன் தமிழ்க் கதைகளைத் தன் குரலில் போனில் பதிவு செய்து வைக்கட்டும், ராத்திரி ஒரு கதை. எப்போது வருவார் என்று தேதி சொல்லாதீர்கள், ராணுவத்தில் தேதி தள்ளிப்போகும், தள்ளிப்போனால் அம்மா பொய் சொன்னதாக ஆகிவிடும். மகள் சமாளிக்கிறாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அவளையும் பாருங்கள். முகாம் பள்ளியில் நெருங்கிய தோழிகள் இரண்டு மூன்று வருஷத்தில் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், நன்றாக இருக்கிற பிள்ளை மாதிரி தெரிகிறவர்கள்தான் பல நேரம் உள்ளே வைத்துக்கொள்கிறார்கள்.

இனி உங்களைப் பற்றி. யாருமே இல்லை என்கிறீர்கள். அமெரிக்காவுக்கு வெளியே அமெரிக்க ராணுவச் சமூகம் இவ்வளவு பெரிதாக வேறெங்கும் கிடையாது, சுமார் 50,000 பேர் அந்த வட்டாரத்தில். ராணுவக் குடும்பங்களுக்கு உதவும் ஆர்மி கம்யூனிட்டி சர்வீஸ் அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். சாமான் கப்பலில் வந்து சேரும் வரை பாத்திரம் இரவல் தருவதிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பு வரை அங்கே உண்டு. ராணுவக் குடும்பங்களுக்கான உதவி எண்ணான மிலிட்டரி ஒன்சோர்ஸில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். குடும்ப ஆலோசகர்கள் (எம்எஃப்எல்சி என்பார்கள்) கோப்பு எழுதி வைப்பதில்லை, உயிருக்கு ஆபத்து, வன்முறை மாதிரி விஷயங்களைத் தவிர வெளியே சொல்வதும் இல்லை. மனசு சரியில்லை என்று மனைவி சொன்னால் கணவர் பதவிக்குக் கெடுதல் வரும் என்று நம் பெண்கள் வாயை மூடிக்கொண்டே இருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

கீழ்வீட்டு அம்மாவிடம் கோபம் வேண்டாம். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரி 10 மணிக்கு மேலும் அமைதி நேரம், கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும். சனிக்கிழமை மதியம் மாவு அரைத்துவிட்டு, நாலு வடையோடு போய்க் கதவைத் தட்டுங்கள். இன்னொன்று, ஜெர்மனியில் மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், அதனால் இந்திய மிக்ஸி, கிரைண்டர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடும், பிளக் மாற்றினால் போதும். டெக்சாஸில் அது முடியாதே! அம்மாவோடு பேசுவதும் இப்போது சுலபம். இந்தியாவுக்கும் உங்களுக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம்தான். பையன் கிண்டர்கார்டனிலிருந்து வந்ததும் பாட்டி முகத்தைப் பார்க்கலாம், அங்கே அவர் இன்னும் தூங்கியிருக்க மாட்டார்.

தமிழர்களும் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் 1980களிலிருந்து ஜெர்மனியில் வேரூன்றியவர்கள், பல நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். ஹாம் நகரத்தில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது, காரில் ஒரு நாள் பயணமாகப் போய் வரலாம். அவர் கிளம்பும் முன் நாலு பேருமாக ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: என் மகனும் அப்படித்தான் ஜெர்மனியில் ராணுவ வேலை. மருமகள் தனியாக இரண்டு குழந்தைகளோடு திண்டாடுகிறாள். நானும் அவரும் போய் இருக்கலாமா?
- ஒரு பாட்டி, கரூர்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா, மகன் வெளியே போயிருக்கும் மாதங்களாகப் பார்த்துப் போங்கள். ஷெங்கன் விசாவில் (ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். முகாம் மருத்துவமனை உங்களுக்குக் கிடைக்காது, அதனால் ரத்த அழுத்த மாத்திரை, மருந்துச் சீட்டு எல்லாம் முழுக் காலத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். முகாமுக்குள் இருக்கும் கடையில் நீங்கள் வாங்க முடியாது, மருமகள்தான் வாங்க வேண்டும். நெய், பால்கோவா, இறைச்சி வகை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள் (கருவாடு பரவாயில்லை), ஐரோப்பாவுக்குள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை, பச்சைக் கறிவேப்பிலையையும் பிடுங்கிவிடுவார்கள். இட்லிப் பொடி, சாம்பார் பொடி, வற்றல் எடுத்துப் போங்கள்.