நாலாயிரம் பவுண்டை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: லண்டனில் மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மேடையில் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசைநாடகமான ஓபரா என்றால் எனக்கு உயிர். கோவென்ட் கார்டன் ராயல் ஓபரா அரங்கில் மேல்மாடி மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்து கேட்டே பழகியவள். வருடம் 4,000 பவுண்டு ஒதுக்கி, ஓபரா பயிலும் இளம் பாடகர் யாருக்காவது உதவ ஆசை. தங்கை வீட்டிலோ, "ஊரில் எத்தனை பிள்ளைகள் ஃபீஸ் கட்ட முடியாமல் தவிக்கிறார்கள், வெள்ளைக்காரர் பாட்டுக்கு எதற்குப் பணம்?" என்கிறார்கள். எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் கையிலேயே கொடுத்துவிடலாமா? இந்தச் சின்னத் தொகை எதற்காவது ஆகுமா?
- ஒரு வாசகி, லண்டன்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தங்கை வீட்டுப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நல்ல காரியம், முடிந்தால் அதையும் செய்யுங்கள். ஆனால் இத்தனை வருடம் உங்களுக்குத் துணையாக இருந்த இசைக்கு உங்கள் காசில் ஏதாவது செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். 'வெள்ளைக்காரர் பாட்டு' என்று மறுபடி சொன்னால் ஓபரா பாடகி டேனியல் டி நீஸைப் பற்றிச் சொல்லுங்கள். இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியா போன பறங்கியர் (ஐரோப்பிய, இலங்கைக் கலப்பு வம்சாவளி) குடும்பத்துப் பெண், மெல்பேர்னில் பிறந்தவர். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா 1980இல் இளம் கலைஞர்களுக்கென்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. கொடையாளர் குடும்பம் ஒன்றின் பெயரில் இன்றும் அது நடக்கிறது. அதில் டி நீஸ் சேர்ந்தபோது வயது 18.

சரி, யாருக்குக் கொடுப்பது? பாடகர் என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒத்திகைக்குப் பியானோ வாசிக்கும் இளைஞர்களைப் பற்றியும் யோசியுங்கள் என்பேன். ரெப்பட்டிட்டர் என்று அவர்களைச் சொல்வார்கள். மேல்மாடியிலிருந்து பார்த்தால் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகர் பக்கத்திலேயே உட்கார்ந்து கைதட்டல் வாங்குகிறார். இவர்களோ வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, அரங்கேறும் இரவில் பெரும்பாலும் மேடையிலேயே இருப்பதில்லை.

முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து ஒத்திகை பார்ப்பதற்கு ஏகப்பட்ட செலவாகும். அதனால் கடைசிக் கட்டம் வரை ஒரே ஒரு பியானோதான். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'எலெக்ட்ரா'வுக்கு நூறு பேருக்கு மேல் வாத்தியம் வாசிக்க வேண்டும். அத்தனையையும் இவர் பத்து விரலில் கொண்டுவர வேண்டும். எந்தச் சுரத்தை விடலாம், பாடகர் எதைக் காதில் வாங்கித் தன் இடத்தைப் பிடிப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிகாரோ தரையை அளந்து இத்தாலியனில் எண்ணிக்கொண்டிருக்கிறான், சுசன்னா தொப்பியைப் போட்டுப் பார்க்கிறாள். சுசன்னாவாகப் பாடுகிறவர் அன்றைக்கு வரவில்லை என்றால் அவர் வரிகளை வாசித்துக்கொண்டே பாடுவதும் இந்தப் பியானோக்காரர்தான். ஒரு கண் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் கையில். இயக்குநர் நிறுத்தி "அந்த இடத்திலிருந்து" என்றால், அடுத்த நொடி அந்த இடத்தில் இருக்க வேண்டும். அப்புறம் இடைவேளையில் ஃபிகாரோ பாடகரை ஓரமாக அழைத்து, அந்த உயிரெழுத்து இத்தாலியனில் இப்படி ஒலிக்காது என்று திருத்த வேண்டும். நாளைக்கு ஜெர்மன், மறுநாள் செக் மொழி.

ராயல் ஓபராவின் இசை இயக்குநராக 2002 முதல் 2024 வரை இருந்த அன்டோனியோ பப்பானோவை எத்தனையோ இரவு கீழே ஆர்க்கெஸ்ட்ரா உட்காரும் குழிக்குள் நின்று நடத்தப் பார்த்திருப்பீர்கள். அவர் இந்தப் பியானோ வேலையில் தொடங்கியவர். புகழ்பெற்ற ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் ஜார்ஜ் ஷோல்ட்டியும் அப்படித்தான், புடாபெஸ்டில்.

இவ்வளவு பயிற்சி வேண்டிய இவர்களுக்கு, பாடகருக்கு இருக்கும் அளவுக்குப் போட்டிகளும் பரிசுகளும் கிடையாது. பாடகருக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. குரல் முதிர முப்பது வயதாகும், கனத்த குரல் என்றால் இன்னும் தாமதம். கல்லூரி முடிந்தபின் நடுவில் கிடக்கும் அந்த வருடங்களில் குரல் பயிற்சிக்கு, பாடிக்காட்டும் தேர்வுக்கு (ஆடிஷன்) ஊர் ஊராகப் போக, எல்லாவற்றுக்கும் கைக்காசுதான். ஆனால் பாடகர் மேடையில் நிற்கிறார், கேட்டு மனம் உருகிய யாராவது உதவ வருவார்கள். பியானோக்காரருக்கு யார் வருவார்?

மாணவியிடம் நேராகக் கொடுக்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு அது பாரமாகிவிடும். நாளைக்கு அவள் வேறு வேலைக்குப் போக நினைத்தால் உங்கள் முகத்தில் விழிக்கத் தயங்குவாள். தேர்வுக்குப் போக ஒரு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், அது பாசம். வருடாந்தரத் தொகை அறக்கட்டளை வழியாகப் போகட்டும். அதில் ஒரு லாபமும் உண்டு. 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்திட்டால், பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் அரசிடமிருந்து அவர்கள் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் 4,000 அவர்கள் கைக்குப் போகும்போது 5,000. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வருடம் நீங்கள் கட்டிய வருமான வரி குறைந்தது 1,000 பவுண்டாவது இருக்க வேண்டும். உங்கள் ஓய்வூதியத்தில் அவ்வளவு வரி பிடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இடம் என்று கேட்டால், வாண்ட்ஸ்வொர்த்தில் இருக்கும் நேஷனல் ஓபரா ஸ்டுடியோவை முதலில் போய்ப் பாருங்கள். 1977இல் ஏற்பட்டது. பாடகர்களோடு ஒத்திகைப் பியானோக்காரர்களையும் வருடாவருடம் எடுத்துப் பயிற்றுகிறார்கள். ராயல் ஓபராவின் இரண்டு வருடத் திட்டத்திலும் பியானோக்காரருக்கு இடம் உண்டு, சம்பளமும் உண்டு.

அந்தத் திட்டத்தின் கதையே உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில். 2001இல் அது தொடங்கியபோது ஆல்பர்ட்டோ விலார் என்ற அமெரிக்க முதலீட்டாளரின் பெயரைத் தாங்கியிருந்தது. அவர் பல ஓபரா நிறுவனங்களுக்கு வாக்களித்த தொகைகள் முழுசாக வந்து சேரவில்லை. 2005இல் மோசடி வழக்கில் கைதானார், பிறகு தண்டிக்கப்பட்டார். திட்டத்தை ஓக் பவுண்டேஷன் என்ற அறக்கட்டளை தாங்கிப் பிடித்தது. இப்போது அது அந்த அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான யெட்டே பார்க்கர் பெயரில் நடக்கிறது. கோடிகளை வாக்களிக்கும் ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஆபத்து உண்டு. வருடம் தவறாமல் வந்து சேரும் 4,000 எந்த நிறுவனத்துக்கும் பெரிய தெம்பு. ஒரு பயிற்சியாளருக்கு லண்டனில் சில மாத அறை வாடகை அது.

கொடுக்கும் முன் அறநிலைய ஆணையத்தின் (Charity Commission) இணையப் பதிவேட்டில் அவர்களுடைய கணக்கைப் பாருங்கள். காசோலையோடு ஒரு கடிதமும் வையுங்கள்: "இந்தப் பணம் பியானோப் பயிற்சியாளரின் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும், மூன்று வருடம் தொடர்ந்து தர உத்தேசம்." ஒத்திகை ஒன்றைப் பார்க்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். கிடைத்தால் பியானோ விசைகள் தெரியும் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.