ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு வணக்கம். எங்களுக்குத் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லாத நேரம், ராமநாதபுரத்தில் நர்சிங் படிக்கும் என் மகள் (வயது 19) ஒரு சூப்பர் மார்க்கெட்டில் முகத்துக்குப் போடும் கிரீமையும் ரெண்டு கிளிப்பையும் பைக்குள் போட்டுவிட்டாள். 640 ரூபாய். வாசலில் பிடித்துப் பொருளை வாங்கிக்கொண்டு, 'பத்து மடங்கு கட்டு' என்றார்கள். எங்களால் முடியவில்லை. இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. 'ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டு, அன்றைக்கே முடிந்துவிடும்' என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள். வெளிநாட்டு வேலைக்குப் போக முடியுமா?

பதில்: சகோதரி, முதலில் மகளைச் சாப்பிட வையுங்கள். இந்த அளவு வழக்கில் அவள் ஜெயிலுக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் அந்தத் தெரிந்தவர் சொன்னதைக் கேட்காதீர்கள். வழக்கு அன்றைக்கே முடியும், உண்மைதான். திருட்டுக் குற்றத்தில் தண்டனை பெற்றவள் என்ற பதிவு மகள் பேரில் நின்றுவிடும். ஒருநாள் அலைச்சலை மிச்சப்படுத்த 19 வயதுப் பெண் கொடுக்கும் விலையா அது?

சம்மனில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(2) என்றால் சாதாரணத் திருட்டு. பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் தடவை, பொருளும் திரும்பக் கிடைத்துவிட்டது என்றால் தண்டனையே சமூக சேவைதான். கடையும் பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடம்தான் என்று சொல்லி 305 போட்டிருந்தால் கதை வேறு. அதற்கு ஏழு வருடம் வரை தண்டனை உண்டு.

303(2) என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. பொருளுக்கு உரியவர் சம்மதித்தால் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். சமூக சேவை என்றாலும் அதுவும் தண்டனைதான். சமரசமோ சட்டப்படி விடுதலைக்குச் சமம். அதனால் வாட்ச்மேனிடமோ மேனேஜரிடமோ கெஞ்சிக்கொண்டிருக்காமல், வக்கீலோடு போய்க் கடை முதலாளியைப் பாருங்கள். 305 சமரசப் பட்டியலில் கிடையாது. அப்போது முதலாளியின் சம்மதத்தோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட வேண்டிவரும்.

பத்து மடங்கு கேட்டார்களே, அதற்கு எந்தக் கடைக்கும் உரிமை கிடையாது. அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. பிள்ளைகளின் பயத்தை வைத்து இப்படி வசூல் செய்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கட்டாமல் வந்தது சரிதான்.

சமரசம் கைகூடாமல் குற்றம் நிரூபணமாகிவிட்டாலும் 1958ஆம் வருட நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. முன் தண்டனை இல்லாதவர்களைத் திருட்டு வழக்கிலும் எச்சரித்து விட்டுவிட அதில் இடமுண்டு. அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பும் இல்லை. 21 வயதுக்குள் இருப்பவரைச் சிறைக்கு அனுப்புவதற்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. இதை வக்கீல் கேட்டால்தான் பேச்சுக்கே வரும்.

வெளிநாடு பற்றி: வழக்கு நடக்கும்போது பாஸ்போர்ட் எடுக்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். விடுதலையாகிவிட்டால் இந்த வழக்கைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது. அப்புறம், பின்னால் எந்த அரசு வேலை விண்ணப்பத்திலாவது 'உங்கள் மீது வழக்கு இருந்ததா' என்று கேட்டால் மறைக்க வேண்டாம். உண்மையை எழுதி, தீர்ப்பு நகலை இணைக்கச் சொல்லுங்கள். சின்ன வழக்கை விட, அதை மறைத்ததற்காக வேலை போனவர்கள்தான் அதிகம் என் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சம்மனையும் மகளின் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். வாய்தாவுக்கு முன்பே போய்விடுங்கள். வாய்தா அன்று ஆஜராகாமல் இருந்தால் வாரண்ட் வந்துவிடும்.