பத்தாவது ஆள்

அன்புள்ள ஐயா,

நான் கலிஃபோர்னியாவில், ஓக்லாந்தில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் யூதப் பெண் தன் வயதுக்காரர்களுக்காக ஒரு கூடுகை நடத்தினாள். ஹால், டிஜே, பார் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். எழுபது பேர் வந்தார்கள். அடுத்த மாதம் வந்தது பதினோரு பேர். எங்கே தப்பு செய்தேன் என்று வருத்தப்படுகிறாள். நியூயார்க்கில் யூத நண்பர்களோடு கழித்த நாட்களை நீங்கள் எழுதியிருந்ததால் கேட்கிறேன். இப்படி ஒரு கூடுகை எதனால் நிலைக்கும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் தோழி தப்பாக எதுவும் செய்துவிடவில்லை. வந்த எழுபது பேருக்கும் அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். நாம் போகாவிட்டால் யாரும் தேடமாட்டார்கள் என்று தெரிந்த இடத்துக்கு இரண்டாம் முறை போக மனம் வருவதில்லை.

யூத மரபிலேயே இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கூட்டு வழிபாட்டின் முக்கியமான பகுதிகளைச் சொல்ல வயதுவந்த பத்துப் பேர் வேண்டும். மின்யன் என்பார்கள். மரபைக் கறாராகப் பின்பற்றுகிறவர்கள் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். மற்ற பிரிவுகளில் பெண்களும் கணக்கில் உண்டு. தாய் தகப்பனை இழந்தவர் சொல்லும் காதிஷ் பிரார்த்தனைக்கும் அந்தப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர்தான் இருந்தால் காத்திருப்பார்கள். ஒருவர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பார். அந்த நேரத்தில் வந்து சேர்கிறவர் எவ்வளவு படித்தவர், எவ்வளவு பக்தி உள்ளவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர் வந்ததால் துக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்று காதிஷ் சொல்ல முடிகிறது. இளைஞர் கூடுகை நடத்துகிறவர்கள் இந்தப் பத்தாவது ஆளை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

மன்ஹாட்டனில் நான் முதன்முதலாகப் போன வெள்ளிக்கிழமை விருந்து ஒரு சின்ன அபார்ட்மெண்டில் நடந்தது. பன்னிரண்டு பேர், ஆறு நாற்காலிகள். சாப்பாட்டுக்கு முன் இரண்டு கைப்பிடி வைத்த குவளையில் தண்ணீர் மொண்டு கை கழுவினார்கள். கழுவியபின் ரொட்டியை வாயில் வைக்கும்வரை பேசக்கூடாது. எனக்கு அது தெரியாது. “துண்டு எங்கே?” என்று கேட்டுவிட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. முகம் சுருங்கிப்போனது எனக்கு. பக்கத்தில் நின்ற பெண் சிரித்தபடி உதட்டில் விரலை வைத்துக் காட்டி, துண்டைக் கொடுத்தாள். கூடவே உப்புக் கிண்ணத்தையும் என் கையில் வைத்தாள். மேஜையில் துணி போட்டு மூடிய இரண்டு ஹல்லா, பின்னல் போட்ட ரொட்டி. ஒருவர் ஆசி சொல்லி வெட்டினார். நான் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே போனேன், ஒவ்வொருவரும் தொட்டுக்கொண்டார்கள். அடுத்த முறை நான் உள்ளே நுழைந்ததும் அந்தக் கிண்ணம் தானாக என் கைக்கு வந்துவிட்டது.

உங்கள் ஊரிலேயே 2006-இல் சில இளைஞர்கள் சேர்ந்து குடியிருந்த வீட்டில் தொடங்கியதுதான் மொய்ஷ் ஹவுஸ் என்ற யூத இளைஞர் அமைப்பு. வாடகையில் ஒரு பங்கை அமைப்பு ஏற்கும். குடியிருப்பவர்கள் தங்கள் வயதுக்காரர்களை மாதம் சில முறை வீட்டுக்கு அழைக்க வேண்டும். பிரிட்டனில் 1980-இல் தொடங்கிய லிம்முட் என்ற யூதக் கல்விக் கூடுகையில் பேசுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஒரு வகுப்பில் பாடம் நடத்தியவர் அடுத்த வகுப்பில் மாணவராக உட்காருவார்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 2020-இல் பியூ நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் மணம் முடித்த யூதர்களில் 61 சதவீதம் பேருக்குத் துணை யூதர் அல்லாதவர். பெரியவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் கூடுகையை ஜோடி சேர்க்கும் இடமாக ஆக்கினால் அது வந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். யூதரல்லாத காதலியோடு வந்தவன் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பான். அவளுக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

அந்தப் பதினோரு பேர் திரும்பி வந்தார்களே, அவர்களை இந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கே கூப்பிடச் சொல்லுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவது சூரியன் மறைவதற்கு முன், அதனால் நேரத்தைச் சூரியனைப் பார்த்து வைக்க வேண்டும். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வு நாளான ஷப்பாத்தைக் கடைப்பிடிக்கிறவர்கள் வண்டியில் வரமாட்டார்கள், நடக்கும் தூரத்தில் இருந்தால் நல்லது. இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது என்ற சிக்கலே வராமல் காய்கறிச் சாப்பாடாக வைக்கலாம். ஹல்லா ஒருவர், பாட்டு ஒருவர், பாத்திரம் கழுவ இருவர் என்று முன்பே பிரித்துக் கொடுக்கட்டும்.

உங்களையும் கூப்பிட்டால் போய் வாருங்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டு போகாதீர்கள், கோஷர் என்ற யூத உணவு விதிகளைப் பார்ப்பவர்கள் சங்கடப்படுவார்கள். முழுப் பழமாக வாங்கிக்கொண்டு போங்கள்.