விளக்கு எங்கே பார்க்கிறது?

கேள்வி: எங்கள் தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டார்கள். ராத்திரி முழுக்க படுக்கையறைக்குள் வெளிச்சம், அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. குறைக்கச் சொல்லலாம் என்றால், "பொண்ணுங்க வேலை முடிஞ்சு வர்ற தெருவை இருட்டாக்கலாமா?" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. – வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அக்கா கேட்பது நியாயம்தான், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் கூசுகிற விளக்கு பாதுகாப்பு தராது, சகோதரி. கண்ணின் பாப்பா சுருங்கிவிடுவதால் நாலடி தள்ளி நிழலில் ஆள் நிற்பதே தெரியாமல் போகும். எதிரே வருபவரின் முகமும் காலடியில் பள்ளமும் தெரிய வேண்டும், அதற்கு விளக்கின் தலை தரையைப் பார்த்து இருந்தால் போதும்; மேலே தூக்கி வைத்தால் வெளிச்சம் உங்கள் ஜன்னலுக்கும் வானத்துக்கும்தான் போகும். அப்புறம் நிறம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் சொல்வார்கள்; பல்பு அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தால் அதில் நீலம் அதிகம், அந்த நீலம் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைக் குறைக்கிறது. 3000 அல்லது அதற்குக் கீழே என்றால் இளமஞ்சள். கம்ப எண்ணைக் குறித்து, அக்காவின் கையெழுத்தையும் சேர்த்து வாங்கி மனு கொடுங்கள்: விளக்கை எடுக்க வேண்டாம், தலையைத் தாழ்த்துங்கள், வீட்டுப் பக்கம் ஒரு தகடு மறைப்பு வையுங்கள், அடுத்த முறை 3000 போடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சின்ன காட்டேஜ் நடத்துகிறோம். மரங்களுக்குக் கீழிருந்து ஃபோகஸ் லைட் போட்டிருக்கிறோம், காலையில் பார்த்தால் அந்துப்பூச்சிகள் குவிந்து கிடக்கின்றன. மின்மினியும் வருவதில்லை. – வாசகர், ஏற்காடு

பதில்: முதலில் அந்த ஃபோகஸ் லைட்டை எடுத்துவிடுங்கள். இரவில் தரையைவிட வானம்தான் வெளிச்சமாக இருக்கும் என்பதால் பூச்சிகள் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறக்கின்றன, அதுதான் அவற்றுக்கு 'மேலே' என்பதன் அடையாளம். கீழிருந்து விளக்கு அடித்தால் தலைகீழாகப் புரண்டு விழுகின்றன, 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தே காட்டியது. மின்மினி கதை இன்னும் பாவம், ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதே மினுக்கில்தான், உங்கள் விளக்கில் அது அமுங்கிவிடுகிறது.

நடைபாதையில் முழங்கால் உயரத்துக்கு மூடிபோட்ட மஞ்சள் விளக்கு, ஆள் நடந்தால் மட்டும் எரிகிற சென்சார், போதும். விருந்தாளிகளுக்குக் குறையாகத் தெரியுமோ என்று பயப்படாதீர்கள். 'லேடீஸ் சீட்' காட்சிமுனையில் நின்று சேலத்தின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார்கள், பத்து மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நட்சத்திரம் பார்க்க அவர்களை முற்றத்துக்குக் கூட்டிவாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும், அதுவரை செல்போனை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.