வாசகர் கேட்டவை: மலைச்சரிவுக் கட்டடத்துக்கு லிஃப்ட்

கேள்வி: ஹட்டனில் வீதியோரச் சரிவு நிலத்தில் ஐந்து தளக் கடைத்தொகுதி கட்டுகிறோம். வீதிக்குக் கீழே இரண்டு தளம், வீதி மட்டத்திலிருந்து மேலே மூன்று. லிஃப்ட் கம்பனியைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு ஆறடிக்கு ஆறடி இடம் விட்டால் போதும் என்கிறார் மேசன் பாஸ். சரியா?

பதில்: அகலத்தில் பாஸ் பெரிதாகப் பிழை சொல்லவில்லை. எட்டுப் பேர் ஏறும் 630 கிலோ லிஃப்டின் கூடு 1.1 மீற்றர் அகலமும் 1.4 மீற்றர் ஆழமும் கொண்டது. சக்கர நாற்காலி வசதியாக நுழைய இதிலும் சிறியது வேண்டாம். பூச்சு வேலை முடிந்த பிறகு சுவர்களுக்கிடையே 1.8 மீற்றருக்கு 1.8 மீற்றர் இடம் கிடைத்தால் பெரும்பாலான மாதிரிகள் அடங்கும். ஆனால் தூக்குக்குண்டு நூல் விட்டுப் பார்த்தால் உச்சி முதல் அடிவரை எங்கும் அந்த அளவு குறையக் கூடாது.

அவர் சொல்லாமல் விட்டது உயரக் கணக்கு. நொடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் லிஃப்டுக்கு, அது நிற்கும் மிகக் கீழ்த்தளத்தின் தரைக்குக் கீழே ஏறக்குறைய 1.4 மீற்றர் குழி வேண்டும். உச்சித் தளத்தின் தரையிலிருந்து கூரைத் தட்டு வரை 3.7 மீற்றராவது வேண்டும். உங்கள் தள உயரம் 3.2 மீற்றர் என்றால், லிஃப்ட் இருக்கும் இடத்தில் மட்டும் கூரை மேலெழ வேண்டும். கூரை போட்ட பிறகு இது தெரியவந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை. இயந்திர அறை இல்லாத மாதிரிகள் 1996 முதல் சந்தையில் உள்ளன; அவற்றில் மோட்டர் உச்சியிலேயே தொங்குவதால் அந்த உயரத்தில் பேரம் பேச முடியாது.

சுவரும் முக்கியம். கூடு ஏறி இறங்கும் வழித்தண்டவாளங்களைச் சுவரோடு பிடிக்கும் தாங்கிகள் வெற்றுப் புளொக் கல்லில் நிலைக்காது. ஆணி தளர்ந்து, கூடு ஆடத் தொடங்கும். முழுச் சுவரும் கொங்கிரீட் இல்லையென்றால், ஏறக்குறைய இரண்டு மீற்றருக்கு ஒரு கொங்கிரீட் வளையம் சுற்றிப் போடுங்கள். சரியான இடைவெளியைக் கம்பனியின் வரைபடத்தில் பாருங்கள். அதனால்தான் கம்பனியைத் தெரிவுசெய்த பிறகே சுவரை எழுப்பச் சொல்கிறோம்.

இனித் தண்ணீர். மலைநாட்டில் லிஃப்டுக்கு முதல் எதிரி அதுதான். குழி மலையின் மேட்டுப்பக்கச் சுவரை ஒட்டி இருந்தால், மழை முடிந்து சில நாட்களுக்குப் பிறகும் ஊற்றுக் கசியும். குழியில் உள்ள தாங்கு வில்லும், வேகக் கட்டுப்பாட்டுக் கம்பியின் கீழ்ச் சக்கரமும், பாதுகாப்பு சுவிச்சும் துருவேறும். உள்ளே பூசும் நீர்த்தடுப்புப் பூச்சை மட்டும் நம்பாதீர்கள். குழியை ஒரே கொங்கிரீட் பெட்டியாக வார்த்து, தளமும் சுவரும் சேரும் மூட்டில் நீர்த்தடுப்புப் பட்டை வையுங்கள். மேட்டுப்பக்கத்தில் குழியின் அடியைவிட ஆழமாக, கல் நிரப்பிய வடிகால் வெட்டி, தண்ணீரைச் சரிவோடு கீழே விடுங்கள். சமவெளிக்காரர் பம்ப் வைக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு மலையே பம்ப். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே இந்த அகழ்வையும் காட்டுங்கள்.

செலவைக் குறைக்க, கீழ்த்தளங்களைக் களஞ்சியமாக விட்டு வீதி மட்டத்திலிருந்து மட்டும் லிஃப்ட் ஓட்டுவோர் உண்டு. அப்போது குழிக்கு நேர்கீழே ஆட்கள் நடமாடுவார்கள். கூட்டின் பாரத்தைச் சமன்செய்யும் எதிரெடைக் கட்டுக்கும் தனிப் பாதுகாப்புப் பிடி வேண்டும், குழித் தளமும் உறுதியாக்கப்பட வேண்டும். விலைப்பட்டியலில் இது எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

தீ எச்சரிக்கையில் லிஃப்ட் தானாக வந்து நிற்கும் தளத்தையும் கம்பனிக்கு எழுத்தில் கொடுங்கள். சொல்லாவிட்டால் மிகக் கீழ்த்தளத்தையே வைத்துவிடுவார்கள். உங்கள் வெளிவாசல் இருப்பதோ மூன்றாம் தளத்தில்.

கேள்வி: நுவரெலியாவில் ஹோட்டல். மோட்டர், டிரைவ் விபரத்தில் “1000 மீற்றர் வரை” என்று இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: பயப்பட வேண்டாம், கேள்வி கேளுங்கள். அது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம்; நுவரெலியா ஏறக்குறைய 1870 மீற்றரில் உள்ளது. காற்று மெலிந்தால் சூடு ஆறுவது குறையும். 1000 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய 1 வீதம் திறனைக் குறைத்துக் கணக்கிடுவது வழக்கம். உங்களுக்கு 9 வீதம் அளவில். விலை கேட்கும் கடிதத்திலேயே உயரத்தை எழுதினால், தேவைப்பட்டால் ஒரு படி பெரிய டிரைவ் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தருவார்கள். பனிமூட்டத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரம் படியும். உள்ளே சிறு ஹீட்டர் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் எங்கள் கட்டடத்தில் மழை நாளில் லிஃப்ட் கதவு மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது. கம்பனிக்காரர் வந்து போனால் இரண்டு நாள் நன்றாக ஓடும்.

பதில்: கதவு ஓடும் கீழ்ப்பள்ளத்தில் செருப்புச் சேறும் மணலும் இறுகியிருக்கும். கதவு தடையை உணர்ந்து திரும்புகிறது. காலையில் கடை திறக்கும்போது உலர்ந்த பிரஷ்ஷால் அந்தப் பள்ளத்தைத் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. அது கதவிடுக்கால் இறங்கி, கீழ்த்தளக் கதவுகளின் பூட்டுத் தொடுகைகளில் விழும்; அடுத்த கோளாறு அங்கே. வாசலில் நல்ல கால்மிதியும், லிஃப்ட் வாசலை நோக்கித் தண்ணீர் ஓடாத தரைச் சரிவும் வேண்டும். பள்ளம் சுத்தமாக இருந்தும் தொடர்ந்தால், ஆள் நிற்பதை உணரும் கதவோரக் கண்களில் ஈரம் படிகிறதா, பள்ளத்தில் ஓடும் கதவின் அடிச்சப்பாத்து தேய்ந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் உள்ளே இருப்பவர்களை நாமே கதவைத் திறந்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மின்சாரம் போனதும் வில்லின் அழுத்தத்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், கூடு விழாது. காற்றும் வரும். தளங்களுக்கு நடுவே நிற்கும் கூட்டிலிருந்து குதிப்பவர் கீழுள்ள இடைவெளி வழியாகக் குழியில் விழுவதே உண்மையான ஆபத்து. பற்றரியில் இயங்கும் தானியங்கி மீட்புக் கருவி இருந்தால், சுமைக்கு எந்தப் பக்கம் இலேசோ அந்தப் பக்கத் தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். பராமரிப்புக்கு வருபவரிடம் மின்சாரத்தைத் துண்டித்து அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செத்த பற்றரியோடு பெயருக்குத் தொங்கும் கருவிகள் நிறைய.

கேள்வி: மின்சார சபை லைன் திருத்திய பிறகு லிஃப்ட் அசையவே இல்லை. மற்ற எல்லாம் எரிகிறது.

பதில்: லிஃப்டுக்கு வரும் மூன்று பேஸின் (மின்கம்பிகளின்) வரிசை மாறியிருக்கலாம், அல்லது ஒன்று வராமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் ரிலே லிஃப்டை நிறுத்தியிருக்கிறது. ரிலேயைத் தாண்டி வயர் போட விடாதீர்கள். பிரதான இணைப்பில் அந்தக் குறையைச் சரிசெய்தால் தானாக ஓடும்.