சிஃபான் என்றால் கந்தல்: துணிப் பெயர்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சிஃபான் எந்த மொழிச் சொல்? பொருள் ஏதாவது உண்டா, வெறும் வணிகப் பெயரா?

பதில்: பிரெஞ்சுச் சொல். பொருளைச் சொன்னால் சிரிப்பு வரும்: கந்தல் துணி. 'ஷிஃப்' என்றால் கந்தை, அதிலிருந்து 'ஷிஃபோன்'. இன்றைக்கும் தூசி துடைக்கும் துணிக்கு அங்கே அதுதான் பெயர். கந்தல் பொறுக்குகிறவர் 'ஷிஃபோனியே'.

கேள்வி: நம்பவே முடியவில்லை சார். கந்தல் எப்படிப் பட்டுத் துணியானது?

பதில்: கொஞ்சம் கொஞ்சமாக. பன்மையில் அந்தச் சொல் ரிப்பன், நாடா என்று பெண்கள் உடையில் வைக்கும் அலங்காரத் துண்டுகளையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் கடன் வாங்கியது இந்தப் பொருளைத்தான். ஊடுதெரியும் மெல்லிய பட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இதில் வேடிக்கை, பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் துணியை 'மூஸ்லின்' என்கிறார்கள். அவர்களிடம் போய் ஷிஃபோன் கேட்டால் மேசை துடைப்பதை எடுத்து நீட்டினாலும் நீட்டுவார்கள்!

கேள்வி: அப்போ மஸ்லினும் சிஃபானும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. நாம் மஸ்லின் என்பது பருத்தி. பெயர் இராக்கின் மோசூல் நகரத்திலிருந்து வந்தது. ஆனால் மார்க்கோ போலோ அந்த ஊர்த் துணி என்று குறிப்பிட்டது பட்டும் பொன்னிழையும் கலந்ததை. பருத்திக்குப் பெயர் மாறியது அப்புறம்தான். நெசவில் பெயர் வாங்கியதோ டாக்கா. அங்கே ரகங்களுக்கு வைத்த பாரசீகப் பெயர்களைப் பாருங்கள்: 'ஆப்ரவான்' ஓடும் நீர், 'ஷப்னம்' பனித்துளி. கந்தலோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு ரசனை அதிகம் என்பேன்.

கேள்வி: ஜார்ஜெட்?

பதில்: ஆள் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஜார்ஜெட் தெ லா பிளான்ட்.

கேள்வி: கையில் வாங்கிப் பார்த்து சிஃபானா ஜார்ஜெட்டா என்று எப்படிச் சொல்வது?

பதில்: அச்சடித்த தாளின் மேல் ஒற்றையாக விரியுங்கள். சிஃபான் வழியாக எழுத்தை வாசித்துவிடலாம். ஜார்ஜெட்டில் பெரும்பாலும் மங்கும். விரலால் நெருடினால் ஜார்ஜெட் இன்னும் சொரசொரப்பு, கொஞ்சம் கனம். லென்ஸ் இருந்தால் இழையைப் பாருங்கள். இரண்டிலுமே வலப்பக்கம் முறுக்கிய இழையும் இடப்பக்கம் முறுக்கியதும் மாறி மாறி ஓடும். ஒன்று ஒருபுறம் இழுக்க, அடுத்தது மறுபுறம் இழுக்கும். அந்தச் சுருக்கம் அப்படி வருவதுதான்.

கேள்வி: இப்படி மெல்லிய துணிக்குத் தமிழில் பழைய சொல் இல்லையா ஐயா?

பதில்: ஏன் இல்லை? கரிகாலன் பொருநனுக்குக் கொடுத்த உடையைப் பொருநராற்றுப்படை 'அரவுரி அன்ன அறுவை' என்கிறது. பார்வை இழையைப் பிரித்தறிய முடியாத நுண்மை, பாம்புச் சட்டை போல. 'அறுவை' அறுத்தெடுத்தது, 'துணி' துணித்தது. உயர்ந்த ஆடைக்கு வெட்டிய துண்டின் பெயரை வைத்தது பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமில்லை.

கேள்வி: சிஃபான் கேக்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: துணி போல லேசானது என்று வைத்த பெயர். கீரையைச் சுருட்டிச் சன்னமாக நறுக்குவதைச் சமையல்காரர்கள் 'ஷிஃபோனாட்' என்பார்கள். அது மட்டும் நேராகக் கந்தலிலிருந்து வந்தது.